பாம்பைப் பற்றிய பழங்கதைகள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. நடுங்கிய படை வாளாவிருக்கவில்லை. கதைகளும் பல கட்டிவிட்டது. ஏட்டைத் தொட்டறியாத சிறுவனைக் கேட்டாலும் பாம்புக் கதைகள் பத்துச் சொல்லுவான். சாரையும் நாகமும் கூடிப் பிணையும் என்பான்; கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்க்கும் என்பான்; அடிபட்ட நாகம் பழிவாங்க வரும் என்பான். இக்கதைகளைப் பொய்யென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவை எவ்வாறு பிறந்தன, அவற்றால் நமக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்று ஆராய்வதே பயனுடைய செயலாகும்.

முதலிற் சாரையையும் நாகத்தையும் எடுத்துக்கொள்வோம். சாரை ஆண் என்றும் நாகம் பெண் என்றும், இரண்டும் முறுக்கிக்கொண்டு நிலத்தினின்று எழுந்து ஆடுவது அவற்றின் புணர்ச்சி என்றும் நம்மவர் கூறுவர். கண்ட காட்சி மெய்யே. பாம்புகள் இரண்டு கயிறுபோற் பின்னிக்கொண்டு தலையுயர்த்தி நிற்பதை வயல்வரம்புகளிற் பலர் கண்டிருக்கின்றனர். ஆயின் அவை இரண்டும் சாரைகளே, இரண்டும் ஆண்களே. இனம்பெருக்கும் காலத்தில் ஒன்றையொன்று கீழே அழுத்தி வெல்ல முயலும் மற்போர் அது. தோற்றது விலகிச் செல்லும், வென்றது நிற்கும். சாரைக்கும் நாகத்துக்கும் உறவு யாதுமில்லை. இரண்டு இனத்திலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

இங்கே நாம் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். நம் முன்னோர் கண்ணாற் கண்டதிற் பெரும்பாலும் பிழையில்லை. கண்டதற்குச் சொன்ன காரணத்திலேதான் பிழை புகுந்தது. மாட்டுத்தொழுவத்திற் சாரையைக் கண்டவன், அது பசுவின் மடியிற் பால் குடிக்க வந்தது என்றான். அது வந்தது எலியைத் தேடி. உறிஞ்சுதற்கேற்ற உதடுகள் பாம்புக்கு இல்லை. உள்நோக்கி வளைந்த அதன் கூரிய பற்கள் மடியிற் பட்டால் எந்தப் பசுவும் வாளாவிராது. மகுடி ஊதுவோன்முன் நாகம் ஆடுவதைக் கண்டவன், அது இசையில் மயங்கியது என்றான். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வை அது நன்கு உணரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகள் சிலவற்றையும் உணரும். எனினும் படமெடுத்த நாகம் அசைவது பாட்டுக்காக அன்று. தன் முன்னே அசையும் குழலையும் கையையும் பகையென்று எண்ணி, அவற்றைக் கண்ணாற் பின்தொடர்வதனாலேயே அசைகின்றது.

கொம்பேறிமூக்கனின் கதை இன்னும் விந்தையானது. வெண்கல நிற முதுகும் மெலிந்த உடலும் கொண்ட அப்பாம்பு மரத்தில் வாழ்வது. ஓணானையும் தவளையையும் தின்பது. மனிதனைக் கண்டால் விரைந்து மரமேறித் தப்புவது அதன் இயல்பு. மனிதரைக் கொல்லும் நஞ்சு அதற்கு இல்லை. ஆகவே எத்துணை உயரம் ஏறி நின்றாலும், அதன் கடியால் எழும் சுடலைப் புகையை அது காணப்போவதில்லை. கண்ணைக் கொத்தும் என்று நாம் அஞ்சும் பச்சைப் பாம்பும் அத்தகையதே. அதனிடம் சிறிதளவு நஞ்சு உண்டெனினும் அது பல்லிக்கும் ஓணானுக்கும் போதுமானதேயன்றி, மனிதனின் உயிரைப் போக்காது.

இவையெல்லாம் பொழுதுபோக்குக் கதைகள்தாமே, இருந்தால் என்ன கேடு என நேயர்களிற் சிலர் வினவக்கூடும். கேடு உண்டு. நம் நாட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் தரையில் வாழ்ந்து மனித உயிருக்குப் பேராபத்து விளைவிப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. நாகம், புடையன் எனவும் வழங்கும் கண்ணாடி விரியன், கட்டுவிரியன் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. 2016 ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கே நஞ்சேறியதாகவும், 400 க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டது.

இக்கணக்கைச் சற்று ஊன்றி நோக்குங்கள். கடியுண்ட எட்டுப் பேரில் ஐவருக்கு நஞ்சே ஏறவில்லை. கடித்தது நஞ்சில்லாப் பாம்பாக இருக்கலாம்; நஞ்சுள்ள பாம்பே நஞ்சைச் செலுத்தாமற் கடித்திருக்கலாம். அந்த ஐவருக்கும் விஷக்கல் வைத்தாலும் பிழைப்பர், மந்திரித்தாலும் பிழைப்பர், ஒன்றும் செய்யாதிருந்தாலும் பிழைப்பர். ஆனால் பிழைத்த புகழ் கல்லுக்கும் மந்திரத்துக்குமே சேரும். அப்புகழை நம்பி, நஞ்சேறிய ஆறாம் மனிதனும் அங்கே செல்கின்றான். அவன் இழக்கும் ஒவ்வொரு நாழிகையும் அவனது உயிரின் பகுதியாகும்.

கட்டுவிரியனின் கொடுமை இதனினும் பெரிது. அது படமெடுப்பதில்லை, எளிதிற் சீறுவதுமில்லை. கரிய பளபளப்பான உடலில் மெல்லிய வெண்கோடுகள் உடைய அப்பாம்பு, இரவிலே இரை தேடி வீட்டினுள்ளும் புகும். தரையிற் பாய் விரித்து உறங்குவோன் புரண்டு படுக்கும்போது கடிக்கும். பலருக்கு அக்கடி வலிப்பதுமில்லை, அடையாளமும் தெரிவதில்லை. பின்னர் வயிற்றுவலி தோன்றும், விடியற்காலையில் இமைகள் தாழும், பேச்சுக் குழறும், மூச்சும் தளரும். உண்டது செரிக்கவில்லை என்று வீட்டார் எண்ணியிருக்கும்போதே நிலைமை முற்றிவிடும். தீங்கற்ற கொம்பேறிமூக்கனுக்கு இத்துணைப் பெரிய கதை கட்டிய நாம், ஓசையின்றி வந்து கொல்லும் இப்பாம்பை எச்சரித்து அத்தகைய கதையொன்று கட்டவில்லை. கதை கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே வளரும். கட்டுவிரியனோ இருளில் வருவது.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? தரையிற் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலிற் படுத்தல், நுளம்புவலையைப் பாயின்கீழ் நன்கு செருகுதல், இரவிற் கைவிளக்கின்றி வெளியே செல்லாமை ஆகியவை முன்காப்பாகும். கடியுண்டால் கடிவாயை அறுத்தலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. கடியுண்டவரை நடக்கவிடாது, அங்கத்தை அசையாமல் வைத்து, அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும். காலையில் எழுந்தவருக்குக் காரணமற்ற வயிற்றுவலியும் இமைச்சோர்வும் தோன்றின் கட்டுவிரியனை நினைவிற் கொள்க. 1894 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் அல்பேர்ட் கல்மெத் முதலியோர் கண்டறிந்து வெளியிட்ட விஷமுறிவு மருந்தின் வழிவந்த மருந்து அங்கே கிடைக்கும்.

இறுதியாக ஒன்று. பழைய நம்பிக்கைகள் யாவும் தீயவை அல்ல. நயினாதீவிலே நாகபூஷணி அம்மனை வழிபடும் நம் மக்கள் நாகத்தை அடித்துக் கொல்லத் தயங்குவர். பௌத்த மக்களும் அவ்வாறே அதனைக் கொல்லாது விலக்கி விடுவர். நாகம் பழிவாங்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. கொன்றவனை நினைவில் வைத்துத் தேடிவரும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும் அந்தத் தயக்கத்தினால் வயலில் எலிகளைத் தின்னும் உயிரொன்று காக்கப்படுகின்றது. அம்மரபைப் போற்றுவோம். பாம்பைக் கோயிலிலே கும்பிடுவோர் கும்பிடுக; கடித்தபின் மட்டும் வைத்தியசாலையின் வழியை மறவாதிருப்போமாக.