வியெலீச்கா உப்புச் சுரங்கம்

உப்பென்றால் கடற்கரை அளங்களிலே வெயிலின் வெம்மையால் விளைவதொன்றையே கண்டு பழகிய நமக்கு, பூமியின் வயிற்றினின்றும் அதனைப் பாறையாக வெட்டியெடுத்தனர் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று. போலந்து தேசத்துக் கிராக்கோ நகருக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவிலுள்ள வியெலீச்கா என்னும் ஊரில் யாம் அதனைக் கண்ணாரக் கண்டோம்.

ஒரு கோடி ஆண்டுகட்கும் முன்னர் அவ்விடத்தே கடல் பரந்திருந்தது. அக்கடல் வற்ற, எஞ்சிய உப்பு களிமண்ணால் மூடப்பட்டுப் பாறையாய் இறுகிற்று. அதனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலாகத் தோண்டலாயினர். 1368-ஆம் ஆண்டில் மூன்றாம் காசிமீர் அரசர் இத்தொழிலுக்கெனச் சட்டம் வகுத்தார். அக்காலத்து அரசாங்க வருவாயில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உப்பினாலேயே வந்ததென்பர். விற்பனைக்காகப் பாறையுப்பு வெட்டுதல் 1996-இல் நின்றுபோயிற்று. சுரங்கத்தின் ஆழம் 327 மீட்டர். அதன் வழிகளை ஒன்றுசேர்த்தால் 240 கிலோமீட்டருக்கு மேலாகும். காணவருவோர் நடப்பதோ சுமார் 3 கிலோமீட்டரே.

மரப்படிகளில் வளைந்து வளைந்து இறங்கி முதலில் 64 மீட்டர் ஆழத்தை அடைந்தோம். படிகளை எண்ணத் தொடங்கிய நண்பரொருவர் நூற்றைத் தாண்டியதும் கணக்கைக் கைவிட்டார். உள்ளே இதமான குளிர்ச்சி. சுவர்கள் பளிங்குபோல் வெண்மையாயிருக்குமென்று எண்ணிய எமக்கு முதலில் ஏமாற்றமே. களிமண் முதலியன கலந்தமையால் அவை சாம்பல் நிறமாயுள்ளன. விரலால் தடவி நாவில் வைத்த பின்னரே ஐயம் தீர்ந்தது. மேற்பாறையைத் தாங்க அடுக்கிய பெருமரங்கள் உப்பூறி இறுகி, நெடுங்காலமாக உளுத்துப் போகாமல் நிற்கின்றன.

எம் மனத்தை மிகவும் தொட்டது பண்டைத் தொழிலாளரின் கதையே. சுரங்கத்தில் கசியும் மீதேன் வாயு காற்றினும் இலேசானதாகையால் மேற்கூரையில் தேங்கும், மிகுந்தால் வெடிக்கும். அதனை அவ்வப்போது எரித்தொழிக்கச் சிலர் ஈரத்துணி உடுத்து, நீண்ட கழியின் முனையில் தீப்பந்தத்தை ஏந்தி, தரையோடு தரையாய்த் தவழ்ந்து செல்வராம். பாவப் பரிகாரஞ் செய்வோரைப்போல் தவழ்ந்தமையால் அவர்களுக்குத் தவசிகள் என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று. நாம் உணவில் இடும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால் இத்தகைய உயிர்ப்பணயமும் இருந்திருக்கின்றது. பாரம் இழுத்த குதிரைகளும் இவ்விருளிலே காலங்கழித்தன. அவற்றுள் கடைசிக் குதிரை 2002-ஆம் ஆண்டில்தான் மேலே கொண்டுவரப்பட்டது.

இடர் மிகுந்த தொழிலாகையால் தொழிலாளர் ஜெபிப்பதற்கு உள்ளேயே ஆலயங்கள் அமைத்துக்கொண்டனர். அவற்றுட் சிறந்தது 101 மீட்டர் ஆழத்திலுள்ள அர்ச். கிங்கா ஆலயம். 1896-இல் தொடங்கிய இவ்வேலையில் யோசெப் மார்க்கோவ்ஸ்கி, அவர் தம்பி தோமாஸ், அந்தோனி விரோடெக் என்னும் சுரங்கத் தொழிலாளர் மூவர் ஒருவர்பின் ஒருவராகப் பல்லாண்டு உழைத்தனர். பீடம், சுரூபங்கள், தரை யாவும் உப்பே. சரவிளக்குகளில் தொங்கும் மணிகளும் உப்புப் பளிங்கே. சுவரிலே விரோடெக் செதுக்கிய இராப்போஜனக் காட்சியின்முன் எம்முள் எவரும் நெடுநேரம் பேசவில்லை.

உப்பைக் கரைப்பது நீர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் குடைந்த அர்ச். அந்தோனியார் ஆலயத்தில் சுரூபங்களின் முகங்கள் மழுங்கிக் கிடக்கின்றன; மேலிருந்து இறங்கும் ஈரக்காற்றே அவற்றை அரித்தது. 1978-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் முதற் பட்டியலிலேயே இடம்பெற்ற இச்சுரங்கம், இவ்வீரத்தின் காரணமாக 1989 முதல் 1998 வரை ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் இருந்தது. காற்றின் ஈரத்தை நீக்கும் பொறிகள் அமைத்த பின்னரே அதனின்றும் நீங்கிற்று. இடையே 1992-இல் மினா என்னும் குறுக்குவழியில் வெள்ளம் புகுந்து, மேலே ஊரையும் அச்சுறுத்தியது. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து மூச்சுவிடுகின்றனரே, அதுவும் ஈரந்தானே என்று யாம் எண்ணாமலில்லை. ஆயினும் அவர்தம் கட்டணமின்றி இதனைக் காப்பதும் அரிது.

உள்ளே ஊறிவரும் நீரை இன்றும் மேலேற்றிக் காய்ச்சி உப்பெடுக்கின்றனர். நெடுநேரம் இறங்கிய ஆழத்தை இருண்ட கூண்டொன்று சிறிது நேரத்தில் கடந்து எம்மை வெயிலில் விட்டது. உதட்டில் மட்டும் அவ்வுப்பின் சுவை மாலைவரை இருந்தது.