பத்து மாதக் கணக்கும் மார்கழியும்

மலேசியாவின் சிரம்பான் ராசா வட்டாரத்தில் கர்ப்பிணி ஒருத்தி அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதிந்ததும் கையில் ஒரு புத்தகம் வந்துவிடும். அட்டை நிறத்தால் அதற்குப் ‘பிங்க் புக்’ என்றே பெயர். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளை அதில் எழுதி, அதிலிருந்து 280 நாள் தள்ளிப் பேறுகாலத் தேதியைக் குறிப்பார்கள். ராசா சாலையிலுள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போகும்போதும் அந்தத் தேதிதான் பேசும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டிகளோ விரலை மடக்கியே சொல்லிவிடுவார்கள்: “சித்திரையில முழுகினவ, தையில பெத்துருவா.”

சரிபார்ப்போம். சித்திரை 1 முதல் தை 1 வரை 275 அல்லது 276 நாள். ஆக, 280ஆம் நாள் தை முதல் வாரத்திலேயே விழுகிறது. பாட்டி சொன்னது சரி. கழிந்திருப்பது ஒன்பது மாதமும் சில நாளும்தான். ஆனால் சித்திரை, வைகாசி என்று தை வரை விரல் விட்டால் பத்துப் பெயர் வருகிறது. எந்த மாதத்தில் தொடங்கினாலும், ஐந்தில் நான்கு முறை 280 நாள் பத்துத் தமிழ் மாதங்களைத் தொட்டுச் செல்லும். ‘பத்து மாதம் சுமந்தவள்’ என்று சொல்வதில் மிகை இல்லை.

சிக்கல் அந்த ஒன்பது மாதத்தில்தான். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுக்கும் நேரம்; அதாவது, பூமி தன் பாதையில் 30 பாகை நகரும் நேரம். பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல. ஜனவரித் தொடக்கத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் போய் மெதுவாகிறது. கெப்ளர் 1609இல் வெளியிட்ட விதி இது. அதனால்தான் மார்கழி 29 நாள் சொச்சத்தில் முடிந்துவிட, ஆனி 31 நாளையும் தாண்டி இழுக்கிறது. ஆவணி 1இல் தொடங்கினால் ஒன்பது மாதம் 271 நாள். மாசி 1இல் தொடங்கினால் 277 நாள். ஆக, 280ஐ எட்ட மாசிக்காரி மூன்று நாள் கூட்ட வேண்டும், ஆவணிக்காரி ஒன்பது நாள் கூட்ட வேண்டும். கருப்பையின் கணக்கில் பூமியின் ஓட்டம் இப்படிக் குறுக்கிடும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

இன்னொன்று: பாட்டி எண்ணத் தொடங்குவது முழுகிய நாளிலிருந்து. தீட்டு வந்து மூன்று நான்கு நாள் கழித்துத்தான் அந்தக் குளியல். சராசரியாக விழும் ஆறு நாள் குறையில் பாதிக்கு மேல் அதிலேயே ஈடாகிவிடுகிறது.

ஹைடல்பர்க் மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரமும் இந்தத் தள்ளாட்டத்துக்குத் தப்பவில்லை. ஆங்கிலத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டு என்கிறது அது. இடையில் பிப்ரவரி வருகிறதா என்பதைப் பொறுத்து விடை 280க்கும் 283க்கும் இடையே ஆடும்.

ஆடாத நாள்காட்டி நிலவுடையது. மலேசிய வீடுகளில் தொங்கும் குதிரைக் காலண்டரில் ஆங்கிலத் தேதியோடு சீனத் தேதியும் ஹிஜ்ரி தேதியும் இருக்கும். அவை இரண்டும் நிலவுக் கணக்கு. ஒரு நிலவு மாதம் சராசரி 29.53 நாள். 280 நாளில் ஒன்பது நிலவு மாதமும் 14 நாளும் அடங்கும். அமாவாசையில் தீட்டு வந்தவளுக்குப் பேறுகாலத் தேதி பௌர்ணமியை ஒட்டி விழும், எந்த மாதமானாலும். இன்னும் அழகு, கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் வருவது: 266 நாள், ஒன்பது நிலவு மாதம் ஏறத்தாழ அச்சுப் பிசகாமல். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு நின்று தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போனவர்களுக்கு நிலவின் வளர்பிறையும் தேய்பிறையும் தினம் கண்ணில் பட்டவை. மலாய்க்காரர்கள் சொல்லும் ‘ஒன்பது மாதம் பத்து நாள்’ கூட நிலவு மாதத்தில் 276 நாள் ஆகிறது.

இதைக் கேட்டு, பௌர்ணமியில் பிரசவம் கூடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இது வெறும் கூட்டல்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் 5,64,039 பிறப்புகளை ஆராய்ந்தபோது நிலவுக்கும் பிறப்பு எண்ணிக்கைக்கும் தொடர்பே தெரியவில்லை.

எல்லாக் கணக்கும் 28 நாள் சுழற்சியை நம்பி நிற்கிறது. 35 நாள் சுழற்சி உள்ளவளுக்குக் கரு ஒரு வாரம் தள்ளியே தங்கும். பாட்டியும் சூத்திரமும் சேர்ந்தே தவறுவார்கள். 1973இல் கிளாஸ்கோவின் ஹியூ ராபின்சன், ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரை அளந்து வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கும். கிளினிக்கில் பழைய தேதியை மாற்றித் திருத்திய தேதி எழுதுவது இதை வைத்துத்தான்.

குழந்தை மட்டும் எதற்கும் கட்டுப்படுவதில்லை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கருமுட்டை வெளிவந்த நாளையே துல்லியமாக அறிந்து 125 பெண்களைக் கவனித்தது. குறைமாதப் பிறப்புகளை ஒதுக்கியும் கர்ப்பகாலம் 37 நாள் வரை வேறுபட்டது. குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு நான்கைந்துதான். ‘தையில’ என்று ஒரு மாத அகலத்தில் சொல்வது, ஒற்றைத் தேதியைச் சொல்வதைவிட நேர்மையானது என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் ஒற்றைத் தேதி இல்லாமல் முடியாது. மலேசியச் சட்டம் தரும் 98 நாள் பேறுகால விடுப்பு, பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பாகத் தொடங்கக் கூடாது. 41 வாரம் தாண்டினால் மருத்துவர்கள் வலி வரவைக்கும் மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மாசிக்காரிக்கும் ஆவணிக்காரிக்கும் ஒரே ‘ஒன்பது மாதம்’ என்று வைத்தால் ஆறு நாள் இடறுவது அங்கேதான்.