ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 80 லிட்டர் உப்புநீர்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. தான் மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சி, சூட்டை அதில் இறக்கி, வெளியே தள்ளிவிடும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 மெகாஜூல், குளிர்விக்கும் நீரோடு போகிறது. 28 டிகிரியில் உள்ளே போகும் நீர் 58 டிகிரியில் வெளியே வருவதாக வைத்தால், ஒரு லிட்டர் நீர் சுமந்து செல்லும் வெப்பம் 126 கிலோஜூல். வகுத்தால் 80 லிட்டர் வரும்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள் 2.8 கிலோ உப்பு எஞ்சினுக்குள் புகுந்து வெளியேறுகிறது. மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் எஞ்சின் என்றால் 11 கிலோ. கங்கையும் பிரம்மபுத்ராவும் வந்து கலப்பதால் வங்கக் கடலின் வடமுனையில் உப்பு இதைவிடக் குறைவுதான். கணக்குக்கு மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கொல்கத்தா துறைமுகம் கடலிலிருந்து வெகு உள்ளே, கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் மேல் இருக்கிறது. 1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியதே, நொடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளியில் திருப்பிவிட்டு வண்டலை அலசித் தள்ளத்தான். நகரத்துப் படித்துறைகளில் ஓடும் படகுக்கு உப்பு பெரிய பகை அல்ல, சேறுதான் பகை. கங்கை, பிரம்மபுத்ரா இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கன மீட்டர் நீரில் கொண்டுவருகின்றன. சராசரியாக லிட்டருக்கு ஒரு கிராம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 80 கிராம் மணல்தூள், நீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்துக்கொண்டு போகிறது. டயமண்ட் ஹார்பர் தாண்டி, காக்துவீப், சாகர் தீவு என்று இறங்க இறங்க உப்பும் சேர்ந்துகொள்ளும். கேனிங் பக்கத்து மாத்லா ஆற்றுக்கு மேலிருந்து வரும் நன்னீர் இல்லாமல் போய் நெடுங்காலம் ஆகிறது. அங்கே உப்பு இன்னும் கூடுதல். மாசி முதல் வைகாசி வரை உச்சம்.

உள்ளே போன உப்பெல்லாம் வெளியேறிவிட்டால் கவலையில்லை. எஞ்சினை நிறுத்தித் தூக்கிய பிறகும் வளைவுகளிலும் தெர்மோஸ்டாட் அறையிலும் கொஞ்சம் தங்கும். 300 மில்லி என்று வைப்போம். அதில் 10.5 கிராம் உப்பு, இரண்டு தேக்கரண்டி அளவு. எஞ்சினைத் தின்பது இந்த இரண்டு தேக்கரண்டிதான். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக்கொள்ளும். கொல்கத்தாவின் காற்றில் அந்தப் படலம் காய வாய்ப்பே இல்லை. கழுவாமல் விட்ட எஞ்சினின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வெண்பூச்சு அப்பியிருக்கும். கீழே அலுமினியம் அம்மைத் தழும்புபோலக் குழிந்திருக்கும்.

அரிப்பைக் கணக்கிட வேண்டியது ஓடும் நேரத்தை வைத்து அல்ல, நிற்கும் நேரத்தை வைத்து. தினம் 6 மணி நேரம் ஓடும் படகு 18 மணி நேரம் நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதாவது 1,464 மணி நேரம். இது தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் அப்படியே பொருந்தும்.

மீட்புப் படகின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஜனவரி நடுவில் மகர சங்கராந்திக்குக் கங்காசாகர் மேளா. அங்கே பேரிடர் மீட்புப் படகுகள் உப்புநீரில் ஓடுகின்றன. பிறகு வேலை எப்போது வரும்? ஐலா புயல் 2009 மே 25. ஆம்பன் 2020 மே 20. யாஸ் 2021 மே 26. ரெமால் 2024 மே 26. நான்கும் மே மாதம். ஜனவரி 15-இலிருந்து மே 20 வரை எண்ணினால் 125 நாள், 3,000 மணி நேரம். மேளாவில் ஓடிய எஞ்சினை அன்றே கழுவாமல் கொட்டகையில் ஏற்றினால், அடுத்து அது கிளம்ப வேண்டிய நாள் புயல் நாளாக இருக்கும்.

கழுவும் வேலை சிறியது. கரைக்கு வந்ததும், சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும். ஆறிவிட்டால் தெர்மோஸ்டாட் மூடிக்கொள்ளும், நன்னீர் உள்ளே முழுதாகச் சுற்றாது. டிரம்மில் நீர், உறிஞ்சும் துளைக்கு மேல் வரை. கியர் நியூட்ரலில், முடிந்தால் விசிறியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், குறைந்த வேகத்தில் 10 நிமிடம். பக்கத்துத் துளையிலிருந்து நீர் தடையின்றிப் பீச்ச வேண்டும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. இம்பெல்லர் சில நொடிகளில் கருகும்.

சுந்தரவனத்தில் சிக்கல் தண்ணீர்தான். கொல்கத்தா மாநகராட்சி வீட்டுக் குடிநீருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தெருவோரக் குழாய்களில் வடிகட்டாத கங்கை நீர் வருகிறது, அதை ஓர் இரவு தெளியவிட்டு மேல்நீரை எடுத்தால் எஞ்சினுக்குப் போதும். தீவுகளிலோ நன்னீருக்கு 300 மீட்டர் ஆழம் வரை குழாய் இறக்க வேண்டியிருக்கிறது. குடிக்க வைத்த நீரைக் கேட்டு எந்த எஞ்சினும் நிற்கக் கூடாது.

பத்துப் படகு நிற்கும் துறையை எடுத்துக்கொள்வோம். படகுக்கு ஒரு டிரம் என்று 60 லிட்டர் வீதம் புதுநீர் நிரப்பினால் 600 லிட்டர் செலவு; ஒவ்வோர் எஞ்சினிலும் கடைசியில் தங்கும் நீரில் லிட்டருக்கு 175 மில்லிகிராம் உப்பு. அதற்குப் பதில் இரண்டே டிரம் வைக்கலாம். எல்லாப் படகும் முதல் டிரம்மில் 5 நிமிடம், இரண்டாவதில் 5 நிமிடம். பத்தாவது படகு முடியும்போது முதல் டிரம்மில் லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் ஏறியிருக்கும். இரண்டாவதில் சுமார் 50 மட்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் வரம்பே 500. மொத்த நீர் 120 லிட்டர், படகுக்கு 12. ஐந்தில் ஒரு பங்கு நீரில் மூன்று மடங்குக்கு மேல் சுத்தம். துணியை ஒரே அண்டா நீரில் அலசுவதைவிட இரண்டு வாளியில் அலசுவது மேல் என்பது எந்த வீட்டுக்கும் தெரிந்ததுதான். பம்ப்செட் எஞ்சின் வைத்த பொட்பொட்டிப் படகு ஆற்றுநீரை ஓஸில் உறிஞ்சுவதாக இருந்தால், ஓஸை மட்டும் டிரம் மாற்றினால் போதும்.

20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்தாலும் 120 லிட்டருக்கு 180 ரூபாய், படகுக்கு 18. பத்து நிமிடம் சும்மா ஓட 100 மில்லி பெட்ரோல், லிட்டர் 105 ரூபாய் அளவில் பத்தரை ரூபாய். 30-க்குள் முடிகிறது. ஆண்டுக்கு 200 நடை போனாலும் 6,000 ரூபாய்.

கேனும் தேவையில்லை. கொல்கத்தாவின் சராசரி ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாது. துறைக் கொட்டகையின் 10 சதுர மீட்டர் தகரக் கூரையில் 16,000 லிட்டர் விழும். 80 சதவீதம் பிடித்தால் 12,800. உப்பு ஏறும் காலத்தில், பிப்ரவரி 1 முதல் தடைக்காலம் தொடங்கும்வரை 73 நாள், தினம் 120 லிட்டர், மொத்தம் 8,760. ஐயாயிரம் லிட்டர் தொட்டி இரண்டு போதும்.

ஒன்று மட்டும் நன்னீரால் ஆகாது. சூட்டில் படிந்த சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் கரைப்பது அதிகபட்சம் 42 கிராம். படியவிட்ட பின் கரைப்பது மெதுவான, அரைகுறை வேலை. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியையும் மறக்க வேண்டாம்: 1824-இல் ஹம்ப்ரி டேவி, இந்தியாவில் கட்டப்பட்ட சமராங் கப்பலின் செம்புத் தகட்டில் சோதித்த அதே உத்தி. பாதி கரைந்ததும் மாற்றுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள்.

பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிக்குப் பொதுவாக 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. படகும் எஞ்சினும் வாங்கப் பணம் தரும் அரசுகள், மேற்கு வங்கமானாலும் தமிழ்நாடானாலும், துறைக்கு இரண்டு டிரம்மும் ஒரு கூரைத் தொட்டியும் சேர்த்துத் தர வேண்டும். அது வரும்வரை படகுக்காரர்கள் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: ஏப்ரல் 14 அன்று கரையேற்றும் முன் செய்யும் கடைசிக் கழுவல். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு எஞ்சின் 1,464 மணி நேரம் நிற்கப்போகிறது.