நீண்ட காலம் பயன் தரும் கால்நடை ஊசி மருந்துகள்

மாடுகளின் குடற்புழுக்களை ஒழிக்கக் கொடுக்கப்படும் மருந்துகளிற் பல, சில தினங்களுக்குள் உடலைவிட்டு நீங்கிவிடும். பின்னர் மேய்ச்சல் தரையிலுள்ள இளம்புழுக்கள் புல்லோடு வயிற்றுட் சென்று நோயை மறுபடியும் உண்டாக்குகின்றன. அடிக்கடி மருந்து கொடுப்பதோ செலவும் சிரமமும் உள்ள காரியம். இக்குறையை நீக்கும்பொருட்டு, ஒரே ஊசியில் பல மாதங்கள் பயன் தரும் மருந்துகள் சில நாடுகளில் உபயோகத்திற்கு வந்துள்ளன. இவற்றின் நன்மையோடு, இவற்றால் நேரக்கூடிய தீங்கையும் கால்நடை வைத்திருப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

மருந்து உடலில் தங்கும் விதம்

மருந்து நெடுநாள் தங்குவதற்கு அதைத் தாங்கி நிற்கும் பொருளொன்று வேண்டும். சிலிக்கோன் போன்றவை உடலிற் கரையமாட்டா. வேலை முடிந்தபின் அவற்றை வெளியே எடுத்தல் வேண்டும். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலிபோல் பிணைந்து உண்டாகும் பாலிமருக்கு அக்குறை இல்லை. முன்னது தயிரின் புளிப்புக்குக் காரணமானது. பின்னது கரும்பிலும் உள்ளது. உடலிலுள்ள நீர் இச்சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுக்க, பாலிமர் மறுபடியும் அவ்விரு அமிலங்களாகப் பிரிந்து, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். அறுவைச் சிகிச்சையில் தையலிட உதவும் கரையும் நூல்களிற் சில இவ்வினத்தைச் சேர்ந்தவையே. லாக்டிக் அமிலத்தின் பங்கு மிகுந்தால் கரைதல் தாமதப்படும். இரண்டும் சமபங்காயின் விரைவுபடும்.

ஓர் உதாரணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2011-ம் வருஷத்தில் அனுமதி பெற்ற 'லாங்ரேஞ்ச்' என்னும் மருந்தில், எப்ரினோமெக்டின் என்னும் புழுக்கொல்லியும், லாக்டிக் 75 பங்கும் கிளைகாலிக் 25 பங்கும் சேர்ந்த பாலிமரும் திரவங்களிற் கரைக்கப்பட்டுள்ளன. 50 கிலோ எடைக்கு 1 மில்லிலிட்டர் வீதம், தோளுக்கு முன்புறம் தோலின் கீழ் இது செலுத்தப்படும். திரவம் விலகியதும் பாலிமர் உறைந்து மருந்தைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். புழுவின் இனத்துக்கேற்ப 100 முதல் 150 நாள் வரை பாதுகாப்பு உண்டு.

எச்சரிக்கைகள்

பாலிமர் தீங்கற்றதாயினும் மருந்து முழுவதும் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. இத்தகைய மருந்துகளிற் கரைப்பானாகச் சேரும் என்-மெதில் பைரோலிடோன் என்னும் திரவம், அளவு மிகுந்தால் ஆராய்ச்சிப் பிராணிகளின் கருவுக்குக் கேடு செய்வதாகக் கண்டறியப்பட்டுள்ளது. இதைக் குறைத்து, கிளிசரினும் காடியின் அமிலமும் சேர்ந்த டிரையசிட்டினைக் கொள்ளுதல் ஒரு சீர்திருத்தம். கரைப்பானின்றி, மருந்தடங்கிய நுண்ணிய பாலிமர் உருண்டைகளை நீரிற் கலந்து செலுத்துதல் மற்றொன்று. எம்முறையிலும், முதல் நாளிலேயே மருந்து மிகுதியாக வெளிப்பட்டுவிடாமல் தடுத்தல் முக்கியம்.

வாயால் கொடுக்கும் மருந்தைத் தவறெனக் கண்டால் அடுத்த வேளை நிறுத்தலாம். ஊசியாற் சென்ற இம்மருந்தைத் திரும்பப் பெற இயலாது. கடைசி நாட்களில் மருந்து சொற்பமாகக் கசியும்போது, அதற்குத் தப்பிய புழுக்கள் பெருகி, பின்னர் அம்மருந்துக்கு அடங்காமற் போதலும் உண்டு. இவ்வினப் புழுக்கொல்லிகள் சாணத்தோடு வெளிப்பட்டு, சாணத்தை மண்ணிற் சேர்க்கும் வண்டுகளுக்கும் தீங்கு செய்யக்கூடும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. மேற்கூறிய மருந்தை 20 மாதமும் அதற்கு மேலும் வயதுள்ள பால் இனப் பசுக்களுக்கு, கறவை வற்றிய காலத்திலும், செலுத்தலாகாதென்பது விதி. எந்த நீடித்த மருந்தாயினும், கறவைக்கு ஏற்றதா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியாமல் செலுத்துதல் கூடாது.

2. எடையைக் கண்மதிப்பாற் கொள்ளாமல் அளந்தறிதல் நலம். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தின் அங்குலத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவிற் கிடைக்கும்.

3. மருந்தின் பெயரையும் செலுத்திய தேதியையும் எழுதிவைத்தல் வேண்டும். மேற்கூறிய மருந்து செலுத்திய மாட்டை 48 நாள் கழியும்வரை இறைச்சிக்குக் கொடுத்தலாகாது. சந்தையில் மாட்டை விற்போர் இக்குறிப்பை வாங்குவோரிடம் ஒப்புவிக்கும்படி கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் மிகவும் பயன் தரும். மாடு கைமாறினாலும் அதன் உடலிலுள்ள மருந்து மாறுவதில்லை.