பால்மரமும் பழமுகங்களும்

ரப்பர் மரத்துக்குத் தோட்டத் தமிழர் வைத்த பெயர் பால்மரம். பெயரிலேயே உருவகம் இருக்கிறது: பால் தருபவள் தாய்; கத்தி படுவதும் அவள்மேல்தான். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லாமல் உணர்த்தும் இந்த உத்தியைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்கள், அதாவது மரமும் பறவையும் விலங்கும், காட்சியில் நிற்கும். மனிதர் கதை அதற்குள் ஓடும். அகிலன் தம் மலேசிய நாவலுக்கு ‘பால்மரக் காட்டினிலே’ என்று பெயர் வைத்தபோது, தோட்டமே ஒரு திணையாகிவிட்டது.

ஒளிப்படத்திலும் இந்த உத்தி உண்டு. போர்ட்டிக்சனில் வளர்ந்தவர் கலைஞர் சிம்ரின் கில். 1999-2000இல் அவ்வூர் மக்களை அவரவர் இடத்திலேயே நிறுத்தியும் உட்காரவைத்தும் படமெடுத்தார். உடை, அறை, நாற்காலி எல்லாம் வழக்கம்போல. தலை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் உள்ளூர்ப் பழங்கள்! முகத்தைப் பார்த்ததும் இனம், ஊர், சாதி என்று கணக்குப் போடும் நம் கண் திகைத்து நிற்கிறது. படத்துக்கடியில் விளக்கவுரை தேவையில்லை.

நம் எழுத்தில் நடப்பது வேறு. ‘மரம் பால் வடிக்கிறது, தொழிலாளி ரத்தம் வடிக்கிறான்’ என்ற பாணி தேய்ந்துவிட்டது. மரநிரைக்குள் நின்று பார்த்தால் காட்சி மாறும். கத்தி இருப்பது தொழிலாளி கையில். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டும். பதமாக வெட்டினால் புதுப்பட்டை வளரும், சில ஆண்டுகளில் அதிலும் வெட்டலாம். மரத்தைக் காப்பதும் அதே கை. காயம் மட்டுமா, கைத்திறனும் இந்த உருவகத்தில் உண்டு. அதை எழுதியவர்கள் குறைவு.

பால்மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களும் பல இடங்களில் காலி. பால் சேரும் மங்கு எனும் கோப்பையைக் கையால் தொடாத தலைமுறை இனி பால்மரத்தை உருவகமாக எழுதப்போகிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால், எழுதுமுன் அவரிடம் ஒரு மாலை உட்காருங்கள். பொருளை அறியாமல் உள்ளுறை வராது.