உங்களுக்குத் தெரியுமா? இரண்டு நோபலுக்கு நடுவே ஒரு நீண்ட மௌனம்

● வேதியியல் நோபல் பரிசை இரண்டு முறை பெற்ற முதல் மனிதர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் சேங்கர் (1918–2013). இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறிந்ததற்காக 1958-இல் முதல் பரிசு. டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்க வழி கண்டதற்காக 1980-இல் இரண்டாவது. அதை வால்டர் கில்பர்ட், பால் பெர்க் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

● ஏன் இன்சுலின்? 1940-களில் தூய்மையாகக் கிடைத்த மிகச் சில புரதங்களில் அதுவும் ஒன்று. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்து, சர்க்கரை நோய்க்கு மருந்தாக விற்றுக்கொண்டிருந்தார்கள். புரதச் சங்கிலியின் முனையில் ஒரு மஞ்சள் நிறப் பொருளை ஒட்டவைப்பார் சேங்கர். பிறகு சங்கிலியைத் துண்டு துண்டாக்கி, மஞ்சள் எந்த அமிலத்தோடு வந்திருக்கிறது என்று பார்ப்பார். இப்படியே பத்தாண்டுக்கும் மேல் உழைத்தார். புரதத்துக்கு நிலையான வரிசை என்று ஒன்று உண்டா என்றே பலர் சந்தேகப்பட்ட காலம் அது.

● அவருடைய டி.என்.ஏ. முறை (1977) எளிமையின் அழகுக்கு உதாரணம். இழையை நகலெடுக்கும் நொதிக்கு வழக்கமான எழுத்துகளைக் கொடுத்தார். கூடவே, கொக்கி இல்லாத போலி எழுத்துகளையும் கொஞ்சம் கலந்தார். போலி எழுத்து சேர்ந்த இடத்தில் அடுத்த எழுத்தை மாட்ட முடியாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளுக்கும் தனித்தனிக் குழாய். நின்றுபோன துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் ஏணிப்படிகளாகக் கோடுகள் விழும். கீழிருந்து மேலே படித்துக்கொண்டே போக வேண்டியதுதான்! மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் உள்ள 16,569 எழுத்துகள் 1981-இல் வெளிவந்தது இந்த ஏணியில் ஏறித்தான்.

● உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 100 ஆய்வுக் கட்டுரைகளை ‘நேச்சர்’ இதழ் 2014-இல் பட்டியலிட்டது. சேங்கரின் 1977 கட்டுரைக்கு நான்காம் இடம். 65,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். புரதத்தின் அளவைக் கணிக்க ஆலிவர் லௌரி 1951-இல் எழுதிய கட்டுரை முதலிடத்தில், 3 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறில் இல்லவே இல்லை. ஆய்வகத்தில் ஒரு முறையைக் கையாளுகிறவர் ஒவ்வொரு தடவையும் அதன் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். இரட்டைச் சுருளோ பள்ளிப் பாடமாகிவிட்டது. ஊரறிந்த உண்மைக்கு யார் அடிக்குறிப்பு போடுவார்கள்?

● அதே பட்டியலில் இரண்டாம் இடம், உல்ரிக் லெம்லி 1970-இல் தனியொருவராக எழுதிய கட்டுரைக்கு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸின் தலை எப்படி உருவாகிறது என்பதுதான் தலைப்பு. அதைச் சுட்டிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வைரஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. புரதங்களை ஜெல்லில் பிரிக்க அவர் கையாண்ட முறைதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

● சேங்கர் மறைந்தபோது, அவரோடு கேம்பிரிட்ஜில் ஒரே ஆய்வகத்தில் இருந்த சிட்னி பிரென்னர் எழுதிய அஞ்சலி ஒவ்வொரு பல்கலைக்கழக மதிப்பீட்டுக் குழுவும் படிக்க வேண்டியது. இன்றைய அறிவியல் உலகில் ஒரு சேங்கர் பிழைத்திருக்க மாட்டார் என்றார் அவர். 1950-களின் இன்சுலின் கட்டுரைகளுக்குப் பிறகு, ஆர்.என்.ஏ. பற்றிய முக்கியக் கட்டுரை வர 1967 ஆயிற்று. அதன்பின் 1977 வரை இன்னொரு பெரிய இடைவெளி. ஆண்டுதோறும் கட்டுரைகளை எண்ணும் குழுவிடம் சிக்கியிருந்தால் ‘உற்பத்தித் திறன் இல்லாதவர்’ என்று முத்திரை குத்தியிருப்பார்கள் என்பது பிரென்னரின் கவலை. எனக்கும் அதே கவலைதான். இன்சுலினுக்குப் பிந்தைய இடைவெளியை சேங்கரே தமது வறண்ட ஆண்டுகள் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அந்த இரு இடைவெளிகளும் வேலை பார்க்காத ஆண்டுகள் அல்ல, புரதத்திலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கும், அங்கிருந்து டி.என்.ஏ.வுக்கும் கைகளைப் பழக்கிக்கொண்ட ஆண்டுகள்.

● அவருடைய மாணவர்கள் இருவர் நோபல் பெற்றார்கள்: ராட்னி போர்ட்டர் (1972), எலிசபெத் பிளாக்பர்ன் (2009). பிளாக்பர்ன் மருத்துவ நோபல் வாங்கிய அதே ஆண்டில் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவர் பணியாற்றியதும் சேங்கர் இருந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில்தான்.

● பெயருக்கு முன்னால் ‘சர்’ வருவது பிடிக்காததால் அந்தப் பட்டத்தை சேங்கர் மறுத்துவிட்டார். 65 வயதானதும், 1983-இல், ஆய்வகத்தை விட்டுத் தோட்ட வேலைக்குப் போனார். பத்தாண்டு கழித்து, மரபணுத் தொகுதியைப் படிக்கும் புதிய மையத்துக்கு அவர் பெயரை வைக்க அனுமதி கேட்டார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நல்ல மையமாக இருந்தாக வேண்டும் என்றாராம். கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் உள்ள அந்த மையம்தான், மனித மரபணுத் தொகுதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் படித்து முடித்தது.