கோழித்தூக்கம் போட்ட டிஸ்க்

ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் என் டிடிபி கடையில் இரவு பதினோரு மணிக்கும் விளக்கு எரியும். 2024இல் அப்படி ஒரு வியாழக்கிழமை, ஒரு கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் புரூஃபை முடித்தேன். லேப்டாப் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அப்டேட்டுக்கும் ‘சரி’ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. ‘ஃபெயில்டு கமாண்ட்’ என்று ஒரு வரி, ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று இன்னொரு வரி, மறுபடி அதே இரண்டும். கடைசியில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது.

பத்திரிகை அந்த டிஸ்கில்தான் இருந்தது. பெண் வீட்டார் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

லேப்டாப் 2012இல் வாங்கியது. அந்தக் காலத்து பிராசஸரை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் லினக்ஸுக்கு மாறியிருந்தேன். இங்க்ஸ்கேப்பும் ஸ்க்ரைபஸும் இருந்தால் என் பிழைப்பு நடந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு மலிவாகக் கிடைத்த ஒரு எஸ்எஸ்டியைப் போட்டிருந்தேன். ரிப்பேர் பார்க்கும் தம்பிக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது. “டிஸ்க் அவுட்டுண்ணே. புதுசு போட்டுரலாம். டேட்டாவ மறந்துருங்க.”

மறக்கிற நிலையில் நான் இல்லை. அக்கா மகன் பெங்களூரில் படிக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். “மாமா, நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சுல்ல? நடுவுல மாறினது என்ன? கெர்னல்தானே. பழைய கெர்னல் உள்ளேயே இருக்கும், அதுல ஏறிப் பாருங்க.”

கெர்னல் என்பது லினக்ஸின் அடிமடி. டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அதுதான். நமக்குத் தெரியும் ஜன்னல்களும் பட்டன்களும் அதன் தோளில் உட்கார்ந்திருப்பவை. டிஸ்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ டிஸ்கில் இருக்கிறது. இந்தச் சிக்கலுக்காகத்தான் கெர்னல் கிளம்பும்போதே கையில் ஒரு சின்னக் கட்டுச்சோற்று மூட்டையோடு வரும். இனிட்ராம்எஃப்எஸ் என்பது அந்த மூட்டை. டிஸ்க் கண்ணில் படாவிட்டால் மூட்டையோடு வாசலிலேயே நின்றுவிடும். என் லேப்டாப் நின்றது அங்கேதான்.

புதுக் கெர்னல் வந்தாலும் முந்தையதைப் பெரும்பாலான லினக்ஸ்கள் உடனே அழிப்பதில்லை. ஆன் ஆகும்போது மெனுவை வரவழைத்து ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போனால் இரண்டும் வரிசையாக இருக்கும். என்னுடையதில் 6.9க்குக் கீழே 6.8. அதைத் தேர்ந்தெடுத்ததும் எதுவுமே நடக்காத மாதிரி திரை வந்தது. மணி 9.40. முதலில் பத்திரிகையைப் பென் டிரைவில் போட்டேன். பிறகு ‘ஸ்மார்ட்’ கணக்கைப் பார்த்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் நோட்டு அது. கெட்டுப்போய் மாற்றிய செக்டர் பூஜ்யம், கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி பிழையும் பூஜ்யம். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது.

6.8 வெளியானது 2024 மார்ச் 10. 6.9 மே 12. இடையில் ஒன்பது வாரம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். இதில் எது என் டிஸ்கைக் குப்புறத் தள்ளியது? புரூஃப் பார்ப்பவனுக்கு வழி புதிதல்ல. முதல் பிரதியில் இல்லாத பிழை பதினாறாவதில் இருந்தால் எட்டாவதை எடுத்துப் பார்ப்பேன். அதில் இருந்தால் முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கிய, மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் ‘கிட்’டில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. நடுவில் உள்ள மாற்றத்தை அது எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து ‘குட்’, ‘பேட்’ என்று நாம் சொல்ல வேண்டும். பதினான்கு தடவை பாதியாக்கினால் பதினாறாயிரம் மாற்றங்களையும் சலித்துவிடலாம்.

கடையிலிருந்த டெஸ்க்டாப்பில் தடவைக்கு ஒரு மணி நேரம் கெர்னல் சமைத்தேன். ஆறாவது தடவையில் சறுக்கினேன். ஆன் செய்ததும் ஒழுங்காக வந்துவிட்டதே என்று ‘குட்’ போட்டேன். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குட், குட், குட். கடைசியில் பைசெக்ட் கை காட்டியதோ எவனோ ஒருவன் சவுண்ட் கார்டுக்கு எழுதிய மாற்றத்தை! டிஸ்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று நாள் வீண். கோளாறு ஒவ்வொரு தடவையும் வருவதில்லை, சும்மா கிடந்த டிஸ்கைத் திடீரென்று எழுப்பும்போதுதான் வருகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதிலிருந்து கெர்னலுக்கு ஐந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்வது, பத்து நிமிடம் சும்மா விட்டுப் பெரிய ஃபைல் ஒன்றைத் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். ஐந்திலும் தேறினால்தான் ‘குட்’.

இம்முறை போய் நின்ற இடம் மின்சாரச் சிக்கனம். ஸாட்டா டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு வேலையில்லாத நேரத்தில் தூங்கலாம். கோழித்தூக்கம் ஒன்று உண்டு, பத்து மைக்ரோ செகண்டில் விழித்தாக வேண்டும். ஆழ்ந்த உறக்கம் இன்னொன்று, அதற்குப் பத்து மில்லி செகண்ட் அவகாசம். அதுவரை குறிப்பிட்ட சில சிப்செட்டுகளுக்கு மட்டும் இருந்த இந்தத் தூக்கத்தை 6.9 மற்றவற்றுக்கும் விரித்தது. பேட்டரிக்கு நல்லதுதான். விதிப்படி விழிக்கத் தெரியாத மலிவு டிஸ்குகள்தான் மாட்டிக்கொண்டன. கெர்னல் கூப்பிடும், இது புரண்டு படுக்கும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக் கெர்னல் இணைப்பைத் துண்டித்து மறுபடி போடும்.

மருந்து ஒரே சொல்: ‘லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்=நோஎல்பிஎம்’. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், கெர்னலைக் கிளப்பும் வரியின் கடைசியில் சேர்த்தால் இணைப்பு தூங்காது. இதை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். மருமகனிடம் இதைச் சொல்லவில்லை.

கெர்னலுக்குள் டிஸ்குகளின் கோணல் குணங்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. மாடல் பெயர், எதிரே அதன் வியாதி. தூங்க விடக் கூடாதவை, ஒரே நேரத்தில் பல வேலை கொடுக்கக் கூடாதவை என்று எத்தனையோ. தயாரித்தவன் மறந்துபோன சரக்கைக்கூட இங்கே யாரோ நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்ததை அப்டேட் உடைத்தால் அது கெர்னலின் பிழைதான் என்பதில் டோர்வால்ட்ஸ் கறார். அந்தத் தைரியத்தில் என் டிஸ்கின் மாடலையும் ஃபர்ம்வேர் எண்ணையும் மருமகன் எழுதி அனுப்பினான்.

போன மாதம் ரிப்பேர் தம்பி கடைக்கு வந்தான். கையில் இன்னொருவரின் பழைய லேப்டாப். “அண்ணே, அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, நோ... நோ என்னமோ?” வீணாய்ப்போன புரூஃப் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.